தெஹ்ரானின் 1345 எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரசீக அறிஞர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் தெஹ்ரானில் ஹிஜ்ரி 1345இல் அச்சான நூலை 1926ஆம் ஆண்டினது எனக் காட்டியிருப்பது 40 வருடப் பிழை. அது 1966.

நமக்குப் பழக்கமான ஹிஜ்ரி, பிறைக்கணக்கு. ஈரானில் 1925 மார்ச் முதல் அரச வழக்கில் இருப்பது சூரியக்கணக்கு. இரண்டும் நபிகளார் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்திலிருந்தே எண்ணப்படுகின்றன. ஆனால் பிறை வருடம் ஏறத்தாழ 11 நாள் குறைவு. 33 வருடத்துக்கு ஒரு வருடம் முந்திக்கொள்ளும். சூரிய ஆண்டென்றால் 621ஐக் கூட்டுங்கள்; திகதி ஜனவரி 1க்கும் மார்ச் 20க்கும் இடைப்பட்டதானால் 622. புத்தாண்டான நவ்ரூஸ் மார்ச் 20 அல்லது 21இல் வருவதே காரணம். ஈரானியப் புரட்சி வென்ற நாள் 1357 பஹ்மன் 22. அதில் 621ஐக் கூட்டினால் 1978 என்று பிழைக்கும், 622ஐக் கூட்டினால்தான் 1979 பெப்ரவரி 11 சரிவரும். பிறை ஆண்டாயின் நூற்றுக்கு மூன்று கழித்து 622ஐக் கூட்டினால் ஒரு வருடம் முன்பின்னாகக் கிடைக்கும். கட்டுரையாளர் 1345க்குச் செய்தது இந்தக் கணக்கைத்தான்.

எது எந்தக் கணக்கு என்பதற்கு, ஆண்டுக்குப் பக்கத்தில் ஷீன் என்ற எழுத்து இருந்தால் ஷம்ஸி, அதாவது சூரியன். காஃப் இருந்தால் கமரி, அதாவது பிறை. எதுவும் இல்லாவிட்டால் அச்சான காலத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். 1925க்கு முந்திய நூல்களில் பெரும்பாலும் பிறை ஆண்டுதான். 1976 முதல் 1978 வரை அச்சானவற்றில் 2535, 2536, 2537 என்றும் வரும். நம் இலங்கையில் அதைப் பௌத்த வருடம் என்றே நினைத்துவிடுவார்கள்! மன்னர் ஷா கொண்டுவந்து கைவிட்ட கணக்கு அது. 1180ஐக் கழித்தால் சூரிய ஹிஜ்ரி கிடைக்கும்.

மத்ரஸாவில் அரபு இலக்கம் படித்தவர்கள் பாரசீக நூல்களின் ஆண்டுகளில் 4, 5, 6 மூன்றிலும் தடுமாறுவார்கள்; வடிவம் வேறு. அரபு 5 வட்டம். பாரசீக 5 தலைகீழ் இதய வடிவம்.

அடுத்தது, கட்டுரை சொல்வதற்கு மாறாக, காலி நகரக் கல்வெட்டின் மூன்றாவது மொழி அரபு அல்ல, பாரசீகம். 1911இல் காலியில் கிடைத்து இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. சீனப் பகுதியின் ஆண்டு 1409. அதிகம் தேய்ந்திருப்பது பாரசீகப் பகுதிதான். எழுத்து ஒன்றென்பதால் மொழியும் ஒன்றாகிவிடாது. காத்தான்குடி வீடுகளில் அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய அரபுத்தமிழ்க் கிதாபு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பா எழுத்தின் கீழ் மூன்று புள்ளி இருந்தால் அரபு இல்லையென்று சந்தேகிக்கலாம். ஆனால் உருதுவிலும் அது உண்டு. வாக்கிய முடிவில் 'அஸ்த்' வந்தால் பாரசீகம், 'ஹை' வந்தால் உருது.

அறிஞர் பட்டியலில் எல்லாரையும் 'பாரசீக மொழி அறிஞர்' என்று ஒரே கூடையில் போட்டதும் பொருந்தவில்லை. 1802இல் ஜெர்மானியரான குரோட்டஃபெண்ட் வாசிக்க முதலடி வைத்ததும், பின்னர் ஈரானின் பெஹிஸ்தூன் மலையேறி ஆங்கிலேயரான ராலின்சன் படியெடுத்ததும் ஆப்பெழுத்தில் உள்ள பழம்பாரசீகம். இஸ்லாத்துக்கு முந்திய சாசானிய மன்னர் காலப் பாரசீகமான பஹ்லவி வேறு வித்தை. அதில் ஓர் எழுத்துக்குப் பல ஒலி. போதாக்குறைக்கு அரமேயச் சொல்லை எழுதி அதைப் பாரசீகமாக வாசிக்க வேண்டும்: 'மல்கா' என எழுதியிருக்கும், வாய் 'ஷா' என்று சொல்லும். புள்ளியில்லாத நம் ஓலைச்சுவடி இதற்கு எவ்வளவோ மேல். மேரி பாய்ஸின் துறை ஈரானின் பழைய சமயமான ஸரதுஷ்திர சமயம்; 1963–64இல் யஸ்த் பக்கக் கிராமமான ஷரீஃபாபாதில் தங்கி, அங்குள்ளவர்களின் வழிபாட்டைப் பதிவுசெய்தவர். எஹ்சான் யார்ஷாதர் தொடக்கிய ஈரானியக் கலைக்களஞ்சியத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்; அடுத்த கட்டுரைக்கு முன் ஆண்டுகளை அதில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காத்தான்குடி.