தூக்கணாங்குருவிக் கூட்டைப் பறிக்கச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் வீட்டு அலங்காரப் பகுதியில், பனைமரங்களில் குருவிகள் 'பாதியில் கைவிட்டுப் போன' தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பறித்துவந்து, உள்ளே சிறு மின்விளக்கைப் பொருத்தி வரவேற்பறையில் தொங்கவிடலாம் என்று யோசனை சொல்லப்பட்டிருந்தது. படத்தின் கீழே 'தாய்க்குருவியின் கைவண்ணம்' என்ற குறிப்பும் இருந்தது. கிணற்றோரப் பனைகளில் ஆண்டுதோறும் இக்குருவிகள் கூடு கட்டும் ஊரில் வசிப்பவன் என்ற முறையில், இவ்விரண்டையும் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

கூடு முடைவது ஆண் குருவியே. மழையும் பயிரும் சேர்ந்து வரும் மாதங்களில் அதன் உச்சந்தலையும் மார்பும் பளிச்சென்ற மஞ்சளாகிவிடும். மற்ற நாள்களில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது கடினம். நெல்லின் தோகையில் அடிப்பக்கமாக அலகால் ஒரு வெட்டுப் போட்டு, அதற்குச் சற்று மேலே கவ்விக்கொண்டு விருட்டென்று பறக்கும்போது, நீண்ட நார் ஒன்று கிழிந்து அலகோடு வந்துவிடுகிறது. இப்படி ஒரு கூட்டை முடிக்க 500 முறை வரையிலும் அது பறந்து திரிய வேண்டியிருக்கும்.

தங்கள் கட்டுரையாளர் கைவிடப்பட்டதாகக் கருதிய அரைக்கூடுதான் இதில் முக்கியமான கட்டம். கவிழ்த்த தலைக்கவசம் போன்ற கூரையும், அதன் குறுக்கே ஒரு நார்க்கட்டும் அமைந்தவுடன் ஆண் வேலையை நிறுத்திவிட்டு, கூட்டில் தொற்றிக்கொண்டு சிறகடித்துக் கூவத் தொடங்குகிறது. பெண்கள் வந்து அந்தக் குறுக்குக்கட்டில் அமர்ந்து நார்களை அலகால் இழுத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பெண் பார்க்கும் சடங்கு இங்கே மாப்பிள்ளை வீட்டில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால், பெண்ணின் முடிவில் முடைந்த நேர்த்தியைவிடக் கூடு தொங்கும் இடமே கூடுதல் செல்வாக்குப் பெறுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெண் இசைந்த பிறகுதான் முட்டையறையும் நீண்ட நுழைவுக் குழாயும் உருவாகின்றன. பெண் உள்ளே மெத்தையிடுவதோடு சரி.

பெண் அடைகாக்க அமர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு துணையை அழைக்கிறது. பறவையியலறிஞர் சாலிம் அலி 1930-இல் மகாராஷ்டிரத்தின் கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்து கண்டறிந்த செய்தி இது. ஆகவே, பனையில் தொங்கும் ஓர் அரைக்கூடு பெண்ணுக்காகக் காத்திருப்பதாக இருக்கலாம். ஆண் அருகில் இல்லாத முழுக்கூட்டினுள்ளே பெண் தனியாக இரண்டு முதல் நான்கு வெண்ணிற முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருக்கலாம். முட்டை பொரிய 14 முதல் 17 நாள்கள் ஆகும். குஞ்சுகள் வெளியேற ஏறக்குறைய அதே அளவு நாள்கள் பிடிக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

மின்விளக்கு யோசனை, இக்குருவி மின்மினியைப் பிடித்துக் கூட்டில் ஒட்டி வெளிச்சம் போட்டுக்கொள்ளும் என்ற பழைய கதையிலிருந்து வந்திருக்கக்கூடும். அரைக்கூட்டில் ஆண் ஈரமண்ணை அப்புவது உண்மை. காற்றில் கூடு அதிகம் ஆடாதிருக்க அந்த எடை உதவுகிறது என்பது ஒரு விளக்கம். மின்மினிக்கு இதில் வேலையில்லை.

பருவம் முடிந்த பின் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குருவிகள் விட்டுச்சென்ற பழைய கூடுகளில் வெண்தொண்டைச் சில்லைகள் குடியேறிக் குஞ்சு பொரிக்கின்றன என்பதால், அப்போதும் அவற்றை வெறும் கூடு என்று சொல்லிவிட முடியாது. மேலும், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் 'வேட்டை' என்பதன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. கூடு தொங்கவும் நார் கிழிக்கவும் இடந்தரும் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மரத்துக்குக் கிடைத்த அந்தக் கரிசனம் அதில் தொங்கும் கூட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

எனவே, படக்குறிப்பைத் திருத்துவதோடு, கூடுகளைப் பறிக்கும் யோசனையைத் திரும்பப் பெறுவதாகவும் அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பனையேறத் தெரிந்த சிறுவர்களிடம் காசு கொடுத்துக் கூடு கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது கூடுகள் பலவற்றில் முட்டைகள் இருக்கும் காலம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
விழுப்புரம் மாவட்டம்.