லெய்டனிலிருந்து அம்மாவுக்கு

லெய்டன், நெதர்லாந்து,
மே 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட கடிதம் போன கிழமை கிடைச்சுது. நாலு மாதமா எழுதாததுக்குக் கோவிக்காதேங்கோ, வேலை கூட. நான் நல்ல சுகம். சோறுதான் சாப்பிடுறன். நீங்கள் அனுப்பின மிளகாய்த்தூள் இன்னும் கிடக்கு; கரண்டி நுனியில அளந்துதான் போடுறன்.

என்ர சப்பாத்து படியில கோணலாக் கிடக்குதெண்டு கதவைத் தட்டுற மேல்வீட்டுக் கிழவி, ஞாயிற்றுக்கிழமை என்னைப் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. ரிக்கற் காசும் அவதான் குடுத்தா. நான் பெரிசா மறுக்கேல்லை.

மருந்துச் செடி படிப்பிக்க 1590-இல துவங்கின தோட்டமாம். 1593-இல வந்த குளூசியஸ் எண்ட தாவர அறிஞர் துலிப் கிழங்கு வச்ச பிறகுதான் இந்தச் சனத்துக்குத் துலிப் விசர் பிடிச்சது. முதல் தோட்டம் 35 மீற்றருக்கு 40 மீற்றர். கணக்குப் பார்த்தன், அஞ்சரைப் பரப்பு. எங்கட பின்வளவு அளவுதான் அம்மா! அதுக்குள்ள ஆயிரத்துக்கு மேல செடி நிண்டதாம்.

1670-களில ஒல்லாந்தக் கொம்பனி டொக்டராக் கொழும்புக்கு வந்த ஹெர்மன், இலங்கைச் செடியளை உலர்த்திச் சேர்த்தவர். பிறகு இந்தத் தோட்டத்துக்கே தலைவர். அவர் சேர்த்ததை வச்சுத்தான் லின்னேயஸ் எண்ட சுவீடன் தாவர அறிஞர் 1747-இல இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினவர். கோட்டையைக் கட்டினவங்கள் புல்லுப் பூண்டையும் விடேல்லை.

1601-இல வச்ச மரமொண்டு நிக்குது. மஞ்சள் பூ, சரஞ்சரமாத் தொங்குது. பிள்ளையார் கோயிலடிக் கொன்றையெண்டே நினைச்சிட்டன். கீழ கிடந்ததைப் பொறுக்கப் போக, கிழவி கையில தட்டினா. நஞ்சாம். எனக்குக் கண் கலங்கிட்டுது. நல்லா அடிச்சுப்போட்டன் எண்டு நினைச்சு அவ மன்னிப்புக் கேட்டா. நானும் ஒண்டும் சொல்லேல்லை.

சரி, விசயத்துக்கு வாறன். தங்கச்சியின்ர சீதனத்துக்குப் பின்வளவைச் சித்தப்பாவுக்குக் குடுக்கிற கதையை நிப்பாட்டுங்கோ. ஐயா வச்ச மாதுளை அதுக்குள்ளதானே நிக்குது. மாப்பிள்ளை வீட்டாரிட்ட தை வரைக்கும் தவணை கேளுங்கோ, காசு நான் பாக்கிறன். இந்த மாதக் காசு மட்டும் பாங்கால பிந்துது, யோசிக்காதேங்கோ. காணி உறுதியைப் பெட்டகத்தில வச்சுப் பூட்டுங்கோ. சித்தப்பா பாத்திட்டுத் தாறன் எண்டாலும் குடுக்கவேண்டாம்.

விலாசத்தில வீட்டு இலக்கத்தை வடிவா எழுதுங்கோ. போன கடிதம் கிழவியிட்டப் போய், ரெண்டு நாள் அவவின்ர மேசையில கிடந்தது.

அன்பு மகன்