பெற்றோருக்கு எங்கள் குரல் போகட்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. இவர்களோடு நாங்கள் எப்படிப் பேசுவது என்பது பற்றித்தான் எழுதுகிறேன்.

போன பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தான். விளையாட்டுத்தனம் என்று நினைத்து இரண்டு முறை கண்டித்தேன். அவன் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில், "பாடத்தை ஒழுங்காக எழுதுவதில்லை, ஒருமுறை பள்ளிக்கு வரவும்" என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி அனுப்பினேன். அப்போதும் இல்லை. அக்கறையில்லாத அம்மா என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் கையில் வேலை இருந்ததால், எழுதாமல் அதையே குரல் பதிவாகப் பேசி அனுப்பினேன். அன்று இரவு ஒன்பதே முக்காலுக்குப் பதில் வந்தது, அதுவும் குரலில். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "டீச்சர், நீங்க அனுப்பினத எனக்குப் படிக்கத் தெரியலீங்க. பையன்கிட்டக் காட்டினா, ஸ்கூல் லீவுன்னு போட்டிருக்காங்கன்னு சொல்லிப்போட்டான். அவனுக்குத் தூரத்துல இருக்கறது சரியாத் தெரியறதில்லீங்க. டிவியக்கூடக் கிட்டப் போய்த்தான் பாக்கறான்."

இரண்டு வாரத்தில் அவனுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. நான் கண்டித்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அவனைப் பற்றி நான் எழுதியதை அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 73 சதவீதம். அதாவது ஏழு வயதைத் தாண்டிய பெண்களில் நாலில் ஒருவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கணக்குக்குப் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன, சரி. ஆனால் அம்மா அப்பா வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளில் பலர் அந்தப் படிக்கத் தெரியாதவர்கள்தான். கையெழுத்துப் போடத் தெரிந்தாலும் நாலு வரியைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறுகிறவர்களும் நிறைய.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே பெற்றோருக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் வாரநாளில் பிற்பகல் 3 மணிக் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் எங்கள் ஊர் அம்மாவுக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு ஷிப்ட் போகும். வர மனமில்லாமல் அவர்கள் வராமல் இருக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் செய்தி குரலாகப் போகட்டும். ஆசிரியர் முப்பது விநாடி பேசிப் பதிவு செய்தால், இரவு ஒன்பதரைக்கு அது பெற்றோருக்கு அழைப்பாகப் போக வேண்டும். மறுபடி கேட்க 1, டீச்சரோடு பேச 2 என்று அழுத்தினால் போதும். பட்டன் போனே இதற்குத் தாராளம். தேர்தல் வந்தால் கட்சித் தலைவர்களின் குரல் ஒவ்வொரு வீட்டுப் போனிலும் ஒலிக்கிறது. அதே தொழில்நுட்பம்தான் இது. பெற்றோரின் எண்களும் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஏற்கெனவே இருக்கின்றன. ஓடிபி கேட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது நாங்கள்தான். "ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு டிவில சொல்றாங்களே டீச்சர்" என்று தயங்கியவர்கள்கூட, கேட்பது டீச்சர் என்பதற்காகச் சொன்னார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும்.

எண் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அப்பாவின் எண் கம்பெனி லாக்கரில் இருக்கும், பாட்டியின் எண் வீட்டில் இருக்கும். பள்ளிக்கென்று கிளம்பிய பிள்ளை வந்து சேரவில்லை என்பது காலை 10 மணிக்குத் தெரிய வேண்டிய செய்தி, இரவில் தெரிந்து பயனில்லை.

அடுத்தது, பள்ளிக்கென்று ஒரு எண். துறையின் 14417 உதவி எண் 2018 முதல் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அது மாநிலம் முழுமைக்கும் பொது. வகுப்பு ஆசிரியரோடு பேச இன்று இருப்பது எங்கள் சொந்த எண் மட்டுமே. ஆசிரியைகளுக்கு இதில் உள்ள சங்கடம் உங்களுக்கே தெரியும். இரவு பதினோரு மணிக்கு வரும் அழைப்புகளுக்குப் பயந்து எண்ணைக் கொடுக்கவே தயங்குகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் எண் மறைந்திருந்து, பள்ளியின் எண் மட்டும் பெற்றோருக்குத் தெரிந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

வாட்ஸ்அப்பில் வகுப்புக் குழு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். குழுவில் மதிப்பெண் பட்டியல் போட்ட ஒரு நாளில், கடைசி இடத்தில் இருந்த பிள்ளையின் அப்பா சத்தமில்லாமல் வெளியேறியதைப் பார்த்தவள் நான். ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு அந்த வீட்டோடு இருக்க வேண்டும். அதில் நல்ல செய்தியும் இருக்க வேண்டும். "உங்க பொண்ணு இன்னிக்கு மேடையேறித் திருக்குறள் சொன்னா" என்பதற்காகப் பள்ளியிலிருந்து போன் வந்த வீடுகள் எத்தனை?

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் நாலு பேர். அவர்களின் அம்மாக்களுக்கு அவர்கள் மொழியிலேயே பதிவு போக வழி செய்தால், ஒரு வருடமாக வாசலில் நின்று சிரித்துவிட்டு மட்டும் போகிறவர்களோடு நானும் ஒருநாள் பேசுவேன்.

மாநிலம் முழுக்க ஒரேயடியாக வேண்டாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஓர் ஒன்றியத்தில் மட்டும் தொடங்கிப் பாருங்கள். எங்கள் ஒன்றியமாக இருந்தால், முதல் பதிவைப் பேச நான் தயார்.

அன்புடன்,
ஓர் ஆறாம் வகுப்பு ஆசிரியை,
திருப்பூர் மாவட்டம்