செயலாளர் ஆண்டறிக்கை: மண்நாக்குக் காளான்களைத் தேடிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, காளான் தேடும் இலையுதிர்கால நடைகளை வேல்ஸின் பழைய புல்வெளிகளுக்கே ஒதுக்கினோம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள்.

இந்த ஆண்டின் பெரும் மகிழ்ச்சி, தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் கண்ட, மண்ணிலிருந்து நாக்குபோல நீளும் மண்நாக்குக் காளான்கள்தான். பாசிக்கு நடுவே, விரல் நீளம்கூட இல்லாமல், கன்னங்கரேலென்று நின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்ததும் சிலவற்றின் மேல் நுண்ணிய கறுப்பு முடிகள் தெரிந்தன. அவை டிரைக்கோகுளோசம் என்ற பேரினம். முடியில்லாதவை ஜியோகுளோசம் என்ற பேரினம். ஆனால் இனத்தைச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும்: டிரைக்கோகுளோசம் ஹிர்சூட்டம் என்ற இனத்தின் நீண்ட பழுப்பு வித்தில் (காளான் பரவ உதவும் நுண்ணிய துகள்) பெரும்பாலும் 15 குறுக்குச் சுவர்கள், டிரைக்கோகுளோசம் வால்டெரி என்ற இனத்தில் 7. அந்தச் சுவர்களை எண்ணிய மாலையில் யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை.

வகைப்பாடு பற்றியும் ஒரு கூட்டத்தில் பேசினோம். ஜியோகுளோசம் என்ற பேரினத்தைக் காளான் ஆய்வாளர் பெர்சூன் 1794இல் நிறுவினார். அப்புறம் நாக்கு வடிவில் இருந்த பலவற்றையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். மரபணு ஆய்வு அதைப் பிரித்தது. பச்சை நிற மைக்ரோகுளோசம் வேறு வகுப்புக்குப் போனது. கறுப்பு நாக்குகளுக்கு 2009இல் ஜியோகுளோசோமைசீட்ஸ் என்று தனி வகுப்பே அமைந்தது. தொடர்பில்லாத கிளைகளில் ஒரே வடிவம் தனித்தனியே தோன்றியிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

இவை மட்கியதைத் தின்று வாழ்பவை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். இவற்றில் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) அளவுகள் அதோடு ஒத்துப்போகவில்லை; உயிருள்ள தாவரங்களோடு ஏதோ உறவு இருக்கலாம் என்று அவை காட்டுகின்றன. எப்படியானாலும் இவற்றுக்குச் சத்துக் குறைந்த, உழாத, குட்டையாக மேய்ந்த அல்லது வெட்டிய புல்வெளி வேண்டும். ரசாயன உரம் விழுந்தால் பல ஆண்டுகளுக்குத் திரும்பி வருவதில்லை. மெழுகுத்தொப்பிக் காளான்களோடு இவற்றையும் எண்ணித்தான் பிரிட்டனில் ஒரு புல்வெளியின் மதிப்பைக் கணிக்கிறார்கள்.

ஆகவே தோட்டத்தைப் பராமரிப்பவர்களைச் சந்தித்தோம். வெட்டிய புல்லை அங்கேயே விடாமல் அள்ளிவிட ஒப்புக்கொண்டார்கள். உரம் வேண்டாம் என்ற வேண்டுகோளுக்கு இன்னும் பதில் இல்லை. அதைச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் அனுப்பவும், இன்னொரு நுண்ணோக்கி வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்