ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டவர்களுக்கு நன்றி

சேலத்துச் சொந்தங்களுக்கும் ஏற்காட்டு மலைமக்களுக்கும் வணக்கம்.

பாலூட்டும் தாய்மார்களுக்குக் கைப்பேசி வழியாகத் துணை நிற்கிறது எங்கள் சிறு அறக்கட்டளை. போகிற இடத்திலெல்லாம் "போன்லயே இவ்வளவு பண்றீங்களே" என்று பாராட்டுகிறார்கள். போன் செய்தது பாதிதான். மீதியைச் செய்தவர்களை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி அம்மாபேட்டை, குகைப் பக்கத்துத் தறிக்காரக் கணவர்களுக்கு. பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அதுவும் உங்கள் சட்டைப்பையில். நாங்கள் அனுப்பும் குரல்செய்தி முதலில் உங்கள் காதில்தான் விழும். 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுக்காமல், தறியை நிறுத்திவிட்டு வந்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டீர்கள். அதனால் மாமியாரும் சேர்ந்து கேட்டார். எங்களுக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி 'பால் பத்தலை'தான். பிறந்து அஞ்சு நாள் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். பல வீடுகளில் குழந்தை காம்பை மட்டும் சப்பிக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள கறுத்த பகுதியும் சேர வாய் நிறையக் கவ்வினால்தான் பால் இறங்கும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இதைக் கேட்டுவிட்டு, பால்பவுடர் வாங்கக் கடைக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து மனைவிக்கு முதுகுக்குத் தலையணை வைத்த கதையெல்லாம் உண்டு.

அடுத்து, மலையில் குரல் கொடுத்த அந்த அப்பாயிக்கு. ஆரம்பத்தில் சுத்தமான தமிழில் பதிவு செய்து அனுப்பினோம். மலையில் யாரும் முழுசாகக் கேட்கவில்லை. சீம்பாலைப் பீச்சிக் கீழே ஊற்றாதீர்கள், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள், ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம் என்று பேசச் சொல்லி அவரிடம் கேட்டபோது, "நானே சேனை வெச்சவ. என் பேச்ச எவ கேப்பா?" என்றார். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பதுதான் சேனை. சேனை வைத்தவரே வேண்டாம் என்றதால்தான் கேட்டார்கள்.

நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்துக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஒரு தாய்க்குப் பால் கட்டி, மார்பு சிவந்து, காய்ச்சல். லைன் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வாசலில் பலாமரத்தடியில்தான் கிடைக்கும். எங்கள் ஆலோசகர் போனில் சொல்லச் சொல்ல, மரத்தடிக்கும் வீட்டுக்கும் ஓடியது அந்தம்மாதான். பால் கொடுப்பதை நிறுத்தாதே, கட்டின பக்கமும் கொடு என்று அங்கே சொல்லிவிட்டு, குழந்தை குடிக்குதா என்பதை இங்கே வந்து சொல்வார். காய்ச்சல் இறங்காததால் மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். கேட்டவுடன் ஜீப்பை எடுத்த தோட்டத்து ஓட்டுநருக்கும் கும்பிடு.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் அண்ணாச்சிக்கு ஒரு தனி வணக்கம். பீச்சிய பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும் என்பார்கள். நம்மூர் சித்திரை வெயிலில் அதை நம்ப முடியுமா? பட்டறையில் வேலை செய்யும் தாய்மார் பால் பீச்சக் கதவு வைத்த ஒரு மூலையையும், அதைப் பத்திரப்படுத்த, சோடா பாட்டில்களை ஒதுக்கிவிட்டு ஃப்ரிட்ஜில் ஒரு தட்டையும் கொடுத்தீர்கள். சட்டம் சொல்லி நீங்கள் செய்யவில்லை.

குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் கேட்கும்போதெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைத் தாய்ப்பால் வங்கிச் செவிலியர்களுக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கும் போனை எடுத்த தன்னார்வத் தாய்மார்களுக்கும் நன்றி. செயலி செய்துகொடுத்த கல்லூரித் தம்பி தங்கைகளே, அதை இறக்கிக்கொண்டவர்கள் கொஞ்சம்தான், வருத்தப்படாதீர்கள். கூடவே போகிறபோக்கில் செய்த மிஸ்டு கால் ஏற்பாடுதான் இன்று எங்களைத் தூக்கி நிறுத்துகிறது.

கையோடு ஒரு உரிமையான வேண்டுகோள். ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். அதற்குள் சௌராஷ்டிரத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் குரல்செய்திகளைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் அந்த மொழி பேசும் பாட்டிமார் இருந்தால் சொல்லுங்கள், பதிவு செய்ய நாங்களே வீட்டுக்கு வருகிறோம். தறிச் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னால் போதும்.

அன்புடன்,
குழுவினர்,
சேலம்