வத்தளையில் ஒரே கிக், கந்தப்பளையில் இருபத்தேழு

கந்தப்பளை
ஜனவரி 28

அன்புள்ள ரவி,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. பதில் எழுத இரண்டு கிழமை போய்விட்டது, கோபிக்காதே. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டியிருக்கலாம்தான். ஆனால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். கடைசி வரியில் போகிற போக்கில் "பைக் எப்படி ஓடுது?" என்று கேட்டிருந்தாயே, இவ்வளவு தாளும் அந்த ஒரு வரிக்குத்தான்.

முதலில் வீட்டு விஷயம். அம்மா நல்ல சுகம். முழங்கால் வலி மட்டும் குளிருக்குக் கூடும், வெயில் வந்தால் குறையும். இங்கே போன கிழமை மூன்று நாள் தொடர்ந்து பனி கொட்டியது. விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெள்ளை. ரோட்டோரத்துத் தேயிலை கருகிப்போய்க் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் வெயில் ஏறுவதற்கு முன்னால் எழும்பி லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் அடித்து அடித்துக் காப்பாற்றினார். உருளைக்கிழங்குதான் போய்விட்டது. பாடசாலையில் பிள்ளைகள் வாயால் புகை விட்டு விளையாடுகிறார்கள். நானும் விட்டேன், யாரும் பார்க்காத நேரத்தில்.

சரி, பைக்குக்கு வருவோம்.

"மச்சான், ஒரே கிக்" என்று சொல்லித்தானே அந்த ஹொண்டா சீஜி 125-ஐ என் தலையில் கட்டினாய்? பொய் சொன்னாய் என்று சொல்ல மாட்டேன். கடலோரத்து வத்தளையில் அது ஒரே கிக்தான். என் கண் முன்னால் செருப்புக் காலால் உதைத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாய். ஆகஸ்டில் அதில் ஏறி வந்தபோது கண்டிவரை ராஜா மாதிரி வந்தேன். கம்பளை தாண்டி ரம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதுக்கு வந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் கறுப்புப் புகை. பழைய வண்டி, எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரிங் தேய்ந்து எண்ணெய் எரிந்தால் புகை நீலமாக வரும், கறுப்பு என்றால் பெற்றோல் கூடிப்போய் எரிகிறது என்ற வித்தியாசம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நவம்பர், டிசம்பரில் ஒருமாதிரிச் சமாளித்தேன். தை பிறந்ததும் தொடங்கியது கூத்து. காலை ஆறரைக்கு முற்றத்தில் நின்று சோக்கை இழுத்து உதைப்பேன். சத்தமே வராது. பத்து, பதினைந்து. அம்மா குசினி ஜன்னலுக்குள்ளிருந்து எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் களைத்து நின்றபோது "இருபத்தேழு" என்று குரல் மட்டும் வந்தது. அன்றைக்கு எரிச்சலில் பிளாஸ்கையும் மறந்துவிட்டுப் போனேன். கடைசியில் கோயிலடிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும். பள்ளத்தில் இறங்கியும் ஸ்டார்ட் ஆகாத நாளில் பஸ் பிடிக்கப் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வர வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் என் வகுப்புப் பிள்ளைகள் வேனில் போய்க் கையசைப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மதியம் பாடசாலை விட்டு வந்தால் ஒரே கிக். வெயிலில் நின்ற வண்டிக்கு எந்தக் குறையும் இல்லை.

டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். தீப்பொறி தருகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கரி பிடித்திருக்கிறது என்று புதுசு போட்டார்கள். நாலு நாள் நன்றாக ஓடியது, ஐந்தாம் நாள் பழைய கதை. இரண்டாவது பிளக்கும் போட்டார்கள். மூன்றாவதுக்கு நான் போகவில்லை.

தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிறார். நீ வந்திருந்தபோது வேலியோரம் நின்று உன் வண்டியை முறைத்துப் பார்த்தாரே, அவர்தான். பல நாளாக என் கிக்கைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே இறங்கி வந்தார். வண்டியைத் தொடவே இல்லை. தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு கேள்வி மட்டும் கேட்டார்.

"ஸ்டார்ட் ஆனதும் சோக்கைத் திறந்தா என்ன செய்யும்?"

"நின்றுபோகும். பத்து நிமிஷம் சோக்கிலேயே விட்டால்தான் நிற்காமல் ஓடும்."

"பத்து நிமிஷம் சோக்கிலே விட்டா பிளக் கரியாகாம வேற என்ன ஆகும்?"

பிறகு அவர் விளக்கினார். பெற்றோல் குளிரில் சரியாக ஆவியாகாது. காற்றோடு கலக்காமல் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சோக்கால் காற்றின் வாயை மூடிக் கூடுதலாகப் பெற்றோலை உறிஞ்ச வைக்கிறோம். அது முதல் ஒரு நிமிஷத்துக்கு. அதற்கு மேலும் சோக் இல்லாமல் ஓட மாட்டேன் என்று வண்டி அடம்பிடித்தால், ஆக்சிலேட்டர் தொடாத வெறும் ஓட்டத்துக்குப் பெற்றோல் தருகிற சின்ன ஜெட் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். சோக்கை இழுக்கும்போது அந்தக் குறை மறைந்துவிடுகிறது. நான் சோக்கை மருந்து என்று நினைத்து ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே சாக்கு விரித்து, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரைக் கழற்றினோம். கீழே இருக்கிற வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, கிண்ணத்தில் நின்ற பெற்றோலை ஜாம் போத்தலில் பிடித்தார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடியில் கண்ணாடி மணி மாதிரி மூன்று நான்கு துளி உருண்டுகொண்டிருந்தது, எல்லாம் தண்ணீர். அரை டாங்கியோடு இரவெல்லாம் பனியில் நிறுத்தினால் டாங்கிக்குள்ளேயே காற்று வியர்த்துவிடும் என்றார். அதிலிருந்து மாலையில் டாங்கியை நிரப்பித்தான் நிறுத்துகிறேன்.

கிண்ணத்தின் அடியில் தேன் காய்ந்தாற்போலப் பழுப்பாக ஒட்டியிருந்தது. இங்கேதான் உன் பெயர் வருகிறது, ரவி. 2022-இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டோடு கிழமைக்கு நாலு லீட்டருக்காக வரிசையில் நின்ற காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் மூலையில் நிறுத்தியிருந்தாய் இல்லையா? பெற்றோல் கூடுவிட்டுப் போய் அதன் பிசின் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. அதுவும் போதாதென்று, அந்தக் காலத்தில் சேர்த்துவைத்த இரண்டு போத்தலைப் புதையல் மாதிரி வண்டியோடு எனக்குக் கொடுத்தாயே! நானும் கொட்ட மனம் வராமல் டாங்கிக்குள் ஊற்றினேன். பெற்றோல் வைத்திருந்தால் முதலில் பறந்துபோவது லேசாக ஆவியாகிற பகுதிதானாம். குளிரில் தீப்பிடிக்கத் தேவைப்படுவதும் அதே பகுதிதான். மிச்சம் இருப்பது வத்தளை வெயிலில் எரியும், கந்தப்பளை விடியலில் எரியாது. உன் அன்பளிப்புக்கு நன்றி.

சின்ன ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். தலைமயிர் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. நான் கம்பி தேடிப் போனேன், மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். அது பித்தளை, கம்பியால் குத்தினால் ஓட்டை பெருத்துவிடும், பிறகு காலம் முழுக்கக் கூடுதலாகக் குடிக்கும். ரப்பர் எதுவும் சேராமல் ஜெட்டுகளை மட்டும் ஒரு இரவு தின்னரில் போட்டு வைத்தோம். மறுநாள் டயர் கடையில் காற்றுக் குழாயால் ஊதினார்கள். மறுபடி வானத்துக்குப் பிடித்தேன். குண்டூசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. முப்பது பிள்ளைகள் ஒன்றாகச் சித்தியடைந்த சந்தோஷம் எனக்கு.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை ஏழு கிக். இருபத்தேழோடு பார்த்தால் சொர்க்கம், ஆனால் மாமாவுக்குத் திருப்தி இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பார்த்தார். இடையில் ஒரு இடத்தில் கல் மாதிரி இறுகி நிற்க வேண்டுமாம். இது பஞ்சுக்குள் போவது போலப் போனது. "டாப்பெட் எப்ப பார்த்தது?" என்று கேட்டார், வால்வு இடைவெளியைத்தான். நான் உன்னிடம் கேட்கவே இல்லை, பதில் எனக்குத் தெரியும்.

மூடியைக் கழற்றி, எஞ்சினுக்குள் சுழலும் சக்கரத்திலிருக்கிற அடையாளத்துக்கு நேரே எஞ்சினை நிறுத்தி, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தார். இரண்டு வால்வுக்கும் 0.08 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். புகை வெளியேறுகிற பக்கத்து வால்வில் கேஜின் மெல்லிய இதழ்கூட நுழையவில்லை. வால்வு முழுதாக மூடாமல் எப்போதும் கொஞ்சம் வாயைத் திறந்தபடியே இருந்திருக்கிறது. பிறகு எப்படி அமுக்கம் நிற்கும்? பத்து நிமிஷ வேலை, ஒரு ஸ்பேனரும் கேஜும் போதும். அதற்கு நான் இரண்டு பிளக் காசு கொடுத்திருக்கிறேன். கராஜில் ஒருவருக்கும் கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இன்னொன்றும் சொன்னார், எனக்குப் புதிது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கந்தப்பளை அதற்கும் மேலே. இந்த உயரத்தில் காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு மெல்லிசு. காபரேட்டருக்கு அது தெரியாது. வத்தளையில் ஊற்றிய அளவுக்கே இங்கேயும் பெற்றோலை ஊற்றும். ரம்பொடையில் வந்த கறுப்புப் புகையும் கரிப் பிளக்கும் அதனால்தான். பார், எவ்வளவு குழப்பமான இடம் இது! குளிர் கூடுதல் பெற்றோல் கேட்கிறது, உயரம் குறைவாகக் கேட்கிறது. காபரேட்டருக்குள்ளே பெற்றோல் அளவைக் கட்டுப்படுத்துகிற ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றிப் போட்டார், ஊசி இறங்கியதும் பெற்றோல் குறைந்தது. இப்போது உடபுசல்லாவை ரோட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. நீ திரும்ப வாங்கிக்கொண்டு கீழே போவதாக இருந்தால் மறக்காமல் கிளிப்பை இறக்கிப் போட வேண்டும். தரப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

எஞ்சின் எண்ணெயும் மாற்றிவிட்டேன். நீ ஊற்றியிருந்த தடித்த 20டபிள்யூ50 காலையில் வெல்லப்பாகு மாதிரி இறுகி நின்றது. இப்போது குளிரிலும் இளகி ஓடுகிற 10டபிள்யூ40. உதைக்கும்போதே காலுக்கு வித்தியாசம் தெரிகிறது.

காலைச் சடங்கு இப்போது இதுதான். பெற்றோல் குழாயைத் திறந்து, சோக்கை முழுக்க மூடி, சாவி போடாமலே மெதுவாக மூன்று உதை. அது உள்ளுக்குள் பெற்றோலை இழுத்து வைக்கிறது. பிறகு சாவியைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரே உதை, மிஞ்சிப்போனால் இரண்டு. உறுமத் தொடங்கியதும் சோக்கைப் பாதிக்கு விட்டு, ஹெல்மெட்டை மாட்டி முடிப்பதற்குள் முழுக்கத் திறந்துவிடுகிறேன். ஒரு நாள் அவசரத்தில் ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி உதைத்துப் பெற்றோலில் மூழ்கடித்துவிட்டேன். அப்போது சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு உதை உதைத்தால் அதுவாகவே துப்பிவிட்டு எழும்பும்.

அப்புறம், சின்னவளின் சோதனை முடிவு என்ன ஆயிற்று? நீ எழுதவே இல்லை. ஏப்ரல் சீசனுக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாயே, அந்த நெரிசலில் வராதே. பெப்ரவரியிலேயே வா. பனியையும் காட்டலாம், ஸ்வெட்டர் மட்டும் மறக்க வேண்டாம். அம்மா உன்னைக் கேட்டார். இப்போது கிக் எண்ணுகிற வேலை இல்லாததால், நான் தலைக்குத் தொப்பி போடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வண்டியோடு வந்திருக்க வேண்டிய பிளக் ஸ்பேனர் டூல் பையில் இல்லை. உன் கட்டிலுக்கு அடியில் அந்தப் பழைய மாவு டின்னுக்குள் கிடக்கும் என்று நினைக்கிறேன். வரும்போது தேடி எடுத்து வா. மாமாவுடையதை இன்னும் எத்தனை நாள் இரவல் வாங்குவது?

அன்புடன்,
மோகன்