லோடு இருந்தது, சித்தப்பா

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்ட கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். "லோடும் ஏத்தல, வாடகையும் இல்ல, அப்புறம் எதுக்கு கண்ணு அத்தன தூரம் வண்டி ஓட்டுன? அதுவும் ஒத்தையா?" என்றீர்கள். ஒத்தையாக இல்லை, என் நாய் மணி கூட இருந்தான் என்றேன். "அது டயர் கழட்டுமா?" என்றீர்கள். பின்னால் சித்தி சிரித்தது கேட்டது.

இங்கே அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களும் இதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். பயமாக இல்லையா, போரடிக்கவில்லையா, வண்டி நின்றுவிட்டால் என்ன செய்திருப்பாய். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது. அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன். பேத்தி படித்துக் காட்டுவாள். கொஞ்சம் நீளம்தான், டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் வண்டி. பிக்கப் தெரியும் உங்களுக்கு. நம் ஊர் குட்டியானைக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்தொட்டியில் ஒரு அறையையே தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். அதற்குப் பெயர் கேம்ப்பர். டிரைவர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு அடுப்பு, கேஸ் சிலிண்டர், 75 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ். ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியதும் கையால் உயர்த்தினால் சுற்றிலும் கேன்வாஸ் சுவர் எழும்பும். வேண்டாதபோது அறையை மட்டும் நான்கு ஜாக்கியில் நிறுத்திவிட்டு, பிக்கப்பை உருவிக்கொண்டு கடைக்குப் போகலாம்.

உருவுவது எளிது. திரும்ப நுழைக்கத்தான் உயிர் போகிறது. நான்கு கால்களுக்கு நடுவே வண்டியை ரிவர்ஸில் விட வேண்டும், இரண்டு பக்கமும் நாலு விரல் இடம்கூட இருக்காது. பாடியைத் தட்டி "வரட்டும் வரட்டும்... ஆங், போதும்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லாத கஷ்டம் அன்றைக்குத்தான் புரிந்தது. பதினோரு தடவை முன்னும் பின்னும் எடுத்தேன். மணி நிழலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்புவதற்கு முன் எடை போட்டேன். இதைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் கோபம் குறையும். கேம்ப்பர் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எடையே பார்ப்பதில்லை என்பது என் சந்தேகம். விற்பவர் சொல்கிற எடை காலி அறையின் எடை. தண்ணீர், கேஸ், பாத்திரம், அரிசி, நாய், நாயின் சாப்பாடு எல்லாம் அப்புறம்தான் ஏறுகிறது. நெவாடா மாநிலத்து ரீனோ நகருக்கு வெளியே 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் பெரிய பங்க்கில் எடைமேடை இருக்கிறது. மூன்று தட்டுகள், முன் அச்சு ஒன்றில், பின் அச்சு அடுத்ததில் நிற்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் காத்திருந்த லாரியிலிருந்து ஒரு சர்தார்ஜி இறங்கி வந்து, கையைக் காட்டிச் சரியாக நிறுத்த வைத்தார். என் சித்தப்பாவும் லாரி டிரைவர்தான் என்றேன். எந்த ஊர் என்றார். நாமக்கல் என்றதும் "டி.என். இருபத்தெட்டு!" என்றார். இங்கே வருவதற்கு முன் டெல்லிப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தவராம். போகும்போது என் நாலு டயரையும் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். ஏறக்குறைய நீங்களே வந்த மாதிரி இருந்தது.

கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டின்படி வண்டி மொத்தம் 4,536 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எனக்கு வந்தது 4,345. லோடு இருந்தது, சித்தப்பா. நீங்கள் கேட்ட லோடு அதுதான். வீட்டையே ஏற்றிக்கொண்டு போனேன், இறக்க வேண்டிய ஊர்தான் இல்லை.

இனி வழி. நான் போட்ட வழி இல்லை இது, மணி போட்டது. இந்த ஊரில் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் நடைபாதைக்குள் நாயை விடமாட்டார்கள். யோசெமிட்டிக்குப் போனால் தார் போட்ட பாதை, கூடாரம் போடுகிற இடம், அவ்வளவுதான் அவனுக்கு. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் தேசிய வனத்தில் நாய் தாராளமாக நடக்கலாம். அதுபோக, மத்திய அரசின் பொது நிலம் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புறம்போக்கு. பெரும்பாலான இடங்களில் காசு கொடுக்காமல் 14 நாள் வரை வண்டியைப் போட்டுத் தங்கலாம். நெவாடா மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் மத்திய அரசுடையது. புறம்போக்கில் குடிசை போட்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆகவே சியாரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கமாக 395-ஆம் எண் சாலை. செப்டம்பர் கடைசி, ஒன்பது இரவு, ஆயிரத்து நூறு கிலோமீட்டர். ஒன்றரை நாளில் முடித்துவிட்டு மறு லோடுக்கு நின்றிருப்பீர்கள், தெரியும். மணியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கியாக வேண்டும். பின்சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருப்பவன், நேரமாகிவிட்டால் என் தோளில் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விடுவான். டிரைவரைத் தூங்க விடாமல் பார்த்துக்கொள்வதுதானே கிளீனரின் முதல் வேலை? அதைச் செய்தான்.

இரண்டாம் நாள் போடிக்குப் போனோம். ஏலக்காய் லோடு எடுக்கப் போவீர்களே, அந்தப் போடி இல்லை. இதுவும் போடிதான், உச்சரிப்பும் அதேதான். 1880 வாக்கில் தங்கம் தோண்ட வந்த பல ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். இப்போது ஆளே இல்லை. 1962 முதல் கலிஃபோர்னியா மாநில அரசு பராமரிக்கிறது. பராமரிப்பு என்றால் சீர் செய்வதில்லை. இடிந்து விழாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேசையில் பாத்திரம் அப்படியே கிடக்கிறது. கயிற்றில் பிடித்துக்கொண்டால் நாயும் தெருவில் வரலாம்.

அந்த ஊருக்குள் போகிற கடைசி ஐந்து கிலோமீட்டர் மண் சாலை. கழுவும் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும். அங்கேதான் தப்பு செய்தேன்.

எட்டாம் வகுப்பு விடுமுறையில் பாலக்காட்டுக்கு முட்டை லோடில் என்னைக் கூட்டிப் போனீர்கள், ஞாபகம் இருக்கிறதா? கிளம்பிப் பத்துக் கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீயைத் தொடாமல் முதலில் வண்டியைச் சுற்றி வந்தீர்கள். ஒவ்வொரு கயிற்றையும் இழுத்து, ராடால் டயரைத் தட்டி. லோடு ஏற்றும்போது இறுக்கிய கயிறு ஓடும்போது தளரும் என்றீர்கள். எனக்கு முப்பது வருடமாக அது ஒரு கதை. என் கேம்ப்பரையும் நான்கு மூலையில் சங்கிலி போட்டு, திருகு முறுக்கித்தான் வண்டியோடு கட்டியிருக்கிறது. ரீனோவில் முறுக்கியதோடு சரி, நான் அதைத் தொடவில்லை.

மண் சாலையில் மூன்றாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து ஒரு சத்தம். பாத்திரம் உருளுகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் கண்ணாடியில் பார்த்தால் அறை என் பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்து நிற்கிறது. நிறுத்தி இறங்கினேன். இடப்பக்கப் பின் சங்கிலியைக் காணோம். எங்கே கழன்று விழுந்ததோ. முன் சங்கிலியின் திருகு விரலால் சுற்றினாலே சுழல்கிறது. அறை தொட்டிக்குள் நாலு விரற்கடை நகர்ந்து, தொட்டியின் விளிம்பில் உரசிப் பெயின்ட் போயிருந்தது. கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. பின்னால் வந்த கார் போட்ட புழுதி அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மற்ற மூன்றையும் இறுக்கி, காணாமல் போன சங்கிலிக்குப் பதிலாகச் சரக்குக் கட்டும் நாடா ஒன்றைப் போட்டு, நடக்கிற வேகத்தில் ஊருக்குள் போய்ச் சேர்ந்தேன். கிளீனர் இது எதிலும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து முதல் பத்துக் கிலோமீட்டரில் நிறுத்துகிறேன். டீக்கடை இல்லை, அது ஒன்றுதான் குறை.

புழுதியில் மணிக்கு இரண்டு கண்ணும் கலங்கிவிட்டது. அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. இந்த நாட்டைக் காரில் முதன்முதலில் குறுக்காகக் கடந்தவர் ஹொராஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர். 1903-இல், 50 டாலர் பந்தயத்துக்காக. கூட ஒரு மெக்கானிக், வழியில் சேர்ந்த பட் என்ற நாய். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் போக 63 நாள் ஆனது. திறந்த கார் என்பதால் புழுதி தாங்காமல் நாய்க்கும் டிரைவர் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அந்தக் கார் இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, கண்ணாடி போட்ட நாய்ப் பொம்மையோடு. மணிக்குக் கண்ணாடி மாட்டினால் கடித்துத் துப்பிவிடுவான், ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

மோனோ ஏரியில் இரண்டு இரவு. கடலைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்பு, மீனே கிடையாது. மணி ஒரு நக்கு நக்கிவிட்டுத் தும்மினான். கரையெல்லாம் கறுப்பாக ஈ படிந்திருக்கும். நடந்தால் நம் காலுக்கு வழிவிட்டு விலகிப் பின்னால் மூடிக்கொள்ளும், மேலே ஒன்றுகூட உட்காராது. கரையில் கரடுமுரடான சுண்ணாம்புத் தூண்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. அவை தண்ணீருக்கு அடியில் வளர்ந்தவை. 1941 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக்கொண்டதால் தண்ணீர் இறங்கி, தூண்கள் வெளியே வந்துவிட்டன. 1994-இல் ஏரியை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றியே ஆக வேண்டும் என்று மாநில நீர் வாரியம் உத்தரவு போட்டது. இன்னும் அந்த உயரம் வரவில்லை. எந்த ஊரிலும் தண்ணீர் வழக்கு இப்படித்தான் போலிருக்கிறது.

அங்கிருந்து பிஷப் என்ற ஊருக்கு இறங்கும் ஷெர்வின் இறக்கத்தைப் பற்றி உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டும். 7,000 அடியிலிருந்து 4,150 அடிக்கு ஒரே இறக்கம். நம் தொப்பூர் கணவாயை நினைத்துக்கொண்டேன். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறி, முன்னால் போகிறவன் மேல் ஏற்றியவர்களைப் பற்றி நீங்கள் சொல்லாத ஆயுத பூஜை கிடையாது. மேலேயே கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட்டேன். கீழே வந்து சக்கரத்தின் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

லோன் பைன் ஊருக்கு வெளியே தங்கிய இரவில் காற்று. இந்தப் பள்ளத்தாக்கில் காற்றடித்தால் கேம்ப்பர்களும் டிரெய்லர்களும் வர வேண்டாம் என்று சாலையில் போர்டே வைப்பார்கள். இரவு இரண்டு மணிக்குக் கேன்வாஸ் படபடவென்று அடிக்க, வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. மணி படுக்கையில் ஏறி என் மேலேயே நின்றான். கூரையை இறக்கியே ஆக வேண்டும் என்று புரிந்தது. மணியைத் தூக்கி முன்பக்கம் விட்டு, ஒரு கையால் கேன்வாஸை உள்ளே இழுத்து, இன்னொரு கையால் கூரையைத் தொங்கி இறக்கினேன். அரை மணி நேரம். அப்புறம் பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு, இருபத்தைந்து கிலோ நாயை வயிற்றில் சாய்த்துக்கொண்டு படுத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஒன்பது இரவில் நன்றாகத் தூங்கியது அங்கேதான். விடிந்தபோது எதிரே 14,505 அடி விட்னி சிகரம் ரோஸ் நிறத்தில் நின்றது. மணிக்கு அதில் ஆர்வமில்லை, ஒரு முயலைப் பார்த்துவிட்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பதினைந்து நாள் ட்ரிப் முடித்து வந்தால் முதல் ராத்திரி வீட்டுக்குள் படுக்கமாட்டீர்கள். வாசலில் நிற்கும் லாரி கேபினில் ஏறிப் படுத்துவிடுவீர்கள். சித்தி புலம்புவார், நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சிரிப்போம். திரும்பி வந்த அன்று குளித்து, ரசம் வைத்துச் சாப்பிட்டு, மெத்தையில் படுத்தேன். பன்னிரண்டு மணி, ஒரு மணி, தூக்கம் வரவில்லை. மணி வாசல் கதவுக்குப் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். தலையணையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வண்டிக்குப் போய்விட்டோம். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

எடைச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். முன் அச்சில் 1,787, பின் அச்சில் 2,558. பின்பக்கம் அதிகம் என்று எனக்கே படுகிறது. தண்ணீர்த் தொட்டி பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. எதை எங்கே நகர்த்தலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள், எனக்குச் சனி சாயங்காலம், வீட்டில்தான் இருப்பேன். சங்கிலி விஷயத்துக்குத் திட்டுவதென்றால் சித்தி பக்கத்தில் இல்லாதபோது திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்